மாட்டுக்குத் தெரியாத சர்க்கார் மணி

பால் வியாபாரத்தில் பால் திரிந்துபோவதற்கு முன்னால் நேரம் திரிந்துபோகும்.

இதை நான் சரியாகச் சொல்வேனா என்பது எனக்கே சந்தேகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முதலில் நடந்ததைக் கடைசியில் சொல்லிவிடுவேன். ஒருவர் பேசியதை இன்னொருவர் வாயில் போட்டுவிடுவேன். பிறகு படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "ஐயோ, தப்பாகச் சொல்லிவிட்டேனே" என்று தவிப்பேன். ஆகையால் மற்றவர்கள் சொன்ன வார்த்தைகளை மட்டும் அப்படியே மாற்றாமல் தருகிறேன். மீதியில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கும் முன்பே விழித்துக்கொண்டு, இன்னும் அடிக்கவில்லையே என்று கவலைப்படுகிற ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் நீங்களும் நம் கட்சியாகத்தான் இருக்கும்.

இந்தத் தீவில் டத்தோ கிராமட் பக்கம் எங்கள் மாட்டுக்கொட்டகை. ஆறு கறவை மாடுகள். கறப்பது என் வீட்டுக்காரர், கொண்டுபோய் ஊற்றுவது நான். பாதிப் பால் ஒரே இடத்துக்குப் போகிறது. பரமசிவம் என்கிற தம்பி நடத்தும் மெஸ் அது. இருபத்திரண்டு கிளார்க்குகள் அங்கே கோப்பி குடித்துவிட்டு, பெர்ரி ஏறி அக்கரையிலுள்ள பிறைக்கு ரயில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஆறு மணிக்குப் பால் அடுப்படியில் இருந்தால் மெஸ் எங்களுடையது. இல்லாவிட்டால் டின் பால் விற்கிறவனுடையது. மெஸ் போய்விட்டால் ஆறு மாட்டுக்குத் தீனி போட எங்களால் ஆகாது. முதலில் போகிறவள் செவலைதான், ஏனென்றால் அவள்தான் அதிகம் தின்கிறவள். புக்கிட் மெர்தாஜாம் மாட்டு வியாபாரி இரண்டு தரம் வந்து அவள் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் பிறந்து விழுந்தபோது வைக்கோலால் துடைத்துவிட்டவள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மத்தியானத்தில் வந்த சாயங்காலம்

ஒரு தடவை பகலில் சூரிய கிரகணம் பிடித்தது. முன்கூட்டியே எல்லாரும் சொல்லியிருந்தார்கள், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? மாடுகளுக்கு யார் சொல்வது? மத்தியானம் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண் அயர்ந்தேன். விழித்துப் பார்த்தால் வெளியே மங்கல். கோழிகள் கூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. மேயப் போன ஆறு மாடுகளும் வரிசையாக வந்து கொட்டகை வாசலில் நின்று கத்தின. தினமும் பொழுது சாயும்போது கொட்டகையில் கட்டச் சொல்லிக் கத்துமே, அதே கத்தல். மதியம் முழுக்கத் தூங்கிப்போய்விட்டேன், சாயங்காலப் பால் தவறிவிட்டது என்று பதறியடித்து ஓடினேன். வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்துக் கறக்கச் சொன்னேன். "இது கிரகணம்டீ" என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

முக்கால்வாசிப் பால் கிடைத்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு ஓடினேன். பாதி வழியில் பளீரென்று வெயில் திரும்பிவிட்டது. சந்துச் சேவல்கள் எல்லாம் சேர்ந்து கூவின. திரும்பி வீட்டுக்குப் போகவும் வெட்கம், மேலே போகவும் வெட்கம். மெஸ் வாசலில் சுந்தரம் என்கிற ரயில் கிளார்க்கு புகை படியவைத்த கண்ணாடித் துண்டும் கையுமாக நின்றிருந்தார். கிரகணம் பார்ப்பதற்காக வயிற்றுவலி என்று லீவு போட்டவர் அவர். என்னையும் வாளியையும் பார்த்தார். மறுபடியும் சூரியனைப் பார்த்தார்.

"வந்ததுதான் வந்தீங்க அக்கா, நாளைக் காலைப் பாலையும் இப்பவே ஊத்திட்டுப் போயிடுங்களேன் லா!"

ராவுத்தரின் வயிறு

கப்பித்தான் பள்ளிவாசல் தெருவில் நாசி கண்டார் என்கிற சோறும் குழம்பும் விற்கும் கடை வைத்திருக்கும் ராவுத்தர் எங்களுக்கு ரொம்ப நாள் வாடிக்கை. வருஷம் முழுக்க அவருக்குக் காலை ஏழு மணிக்குப் பால். நோன்பு மாதம் வந்தால் மட்டும் விடியற்காலைச் சாப்பாட்டுக்காக, முதல் நாள் மாலைப் பாலைக் காய்ச்சி வைத்து நாலு மணிக்கே கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு மாதமும் நான் படுகிற கவலையைச் சொல்லி முடியாது. நான் பிந்திப்போனால் அவர் ஒரு நாள் முழுக்க வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமே என்று இரண்டு மணியிலிருந்தே விழித்துக் கிடப்பேன்.

பெருநாள் வந்தது. "இனி பழையபடி ஏழுக்கு வந்தா போதும்மா" என்று வாய் நிறையச் சொல்லி, ஆட்டுக்கறியோடு பலகாரமும் கொடுத்தனுப்பினார். நான்காம் நாள் பாருங்கள், என் கால் தானாக எழுந்து நடந்திருக்கிறது. நாலு மணிக்கு அவர் கடை வாசலில் வாளியோடு நிற்கிறேன். நின்ற பிறகுதான் சுரணை வந்தது. சத்தம் போடாமல் திரும்பிவிடலாம் என்று பார்த்தால், உள்ளே அடுப்பு எரிகிறது. ராவுத்தர் ஒரு தட்டுச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருடப் போன இடத்தில் இரண்டு பேர் சந்தித்தது போல இருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"நோன்பு முடிஞ்சது எனக்குத் தெரியும்மா, இந்த வயித்துக்கு யாரும் சொல்லலையே!"

பகல் காவல்

எங்கள் சந்தில் ஆரோக்கியசாமி அண்ணன் குடியிருக்கிறார். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிட்டங்கியில் பதினொரு வருஷம் ராத்திரிக் காவல். காலை எட்டரைக்கு வந்து படுத்தால் மதியம் வரைக்கும் டிராம் வீட்டுக்குள் வந்தாலும் தெரியாது. வயசாகிறதே என்று முதலாளி இரக்கப்பட்டு அவரைப் பகல் காவலுக்கு மாற்றினார். சந்தே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் கவலைப்பட்டேன், ஏனென்றால் நான் சந்தோஷத்தில் கலந்துகொள்வது அப்படித்தான்.

என் கவலை வீண்போகவில்லை. காலை எட்டரை ஆனதும், வாசலில் போட்டிருந்த நாற்காலியில் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு உறங்கிவிட்டார். அரிசி மூட்டையும் ஆட்களும் அவரைத் தாண்டிப் போய்வந்தார்கள். வீட்டிலோ ராத்திரியானால் கண் கொட்டுவதில்லை. லாந்தரை எடுத்துக்கொண்டு தன் சொந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வந்து, "யாரது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தூக்கம் வரட்டும் என்று என்னிடம் தினமும் ஒரு செம்புப் பால் கூடுதலாக வாங்கிக் கசகசா அரைத்துப் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு இன்னும் தெம்பாகச் சுற்றினார். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு தானாகப் பழகும் என்றார்கள். நாலாவது வாரமும் எட்டரைக்குத்தான் குறட்டை. கடைசியில் கிட்டங்கி ஆட்களை மேய்க்கிற மண்டோர் சந்துக்கே வந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"ராத்திரியிலே திருடன் வராமப் பாத்துக்கிட்டாரு, சரி. பகல்லே தூங்கணும்னா முதலாளி வராம அவரையே பாத்துக்கச் சொல்லும்மா!"

காலைப் பாலும் மாலைப் பாலும்

கலப்படக்காரி என்று பெயர் வாங்குவதைவிடப் பாம்புக் கடி வாங்கலாம் என்பது என் எண்ணம். ஒரு நாள் அந்தப் பெயரும் வந்தது. காலைப் பாலில் நான் தண்ணீர் கலக்கிறேனாம், மாலைப் பால் மட்டும் கெட்டியாக இருக்கிறதாம். சொன்னவர் வேறு யாருமில்லை, நம் வயிற்றுவலிச் சுந்தரம்தான். பரமசிவம் தம்பியும் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். அதற்கு முதல் நாள்தான் டின் பால்காரன் வந்து மாதிரிக்கு ஒரு டின்னும் அதைத் திறக்கிற கத்தியும் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். நான் பேசும்போதெல்லாம் அந்த டின்தான் என் கண்ணில் பட்டது.

விஷயம் இவ்வளவுதான். காலையில் ஐந்துக்குக் கறந்தால் மறுபடி பிற்பகல் மூன்றுக்குக் கறக்கிறோம். நடுவில் பத்து மணி நேரம். மூன்றிலிருந்து மறுநாள் ஐந்து வரைக்கும் பதினாலு மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறுகிற பால் அதிகமாகவும் கொஞ்சம் நீர்க்கவும் இருக்கும், பகலில் ஊறுவது குறைவாகவும் கெட்டியாகவும் இருக்கும். மாட்டின் உடம்பு அப்படி. அழாத குறையாக இத்தனையும் விளக்கினேன். ராத்திரிதான் பால் நீர்க்கிறது என்று இரண்டு தரம் சொன்னேன். சுந்தரம் ஆபீஸ் பைலைப் பார்ப்பது போல யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அப்படின்னா அக்கா, ராத்திரியிலே மாட்டுக்குத் தண்ணி காட்டாதீங்க!"

சர்க்கார் கூட்டிய இருபது நிமிஷம்

இனிமேல்தான் பயமே. ஒரு நாள் ராவுத்தர் கடையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். நாட்டிலுள்ள கடிகாரம் எல்லாவற்றிலும் சர்க்கார் இருபது நிமிஷத்தை மாற்றுகிறதாம். வேலை முடிந்து வருகிற ஜனங்களுக்குச் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும் என்று செய்கிற நல்ல காரியமாம். எந்தப் பக்கம் மாற்றுகிறார்கள் என்பதையும் அவர் சொல்லியிருப்பார். நான் நல்ல காரியம் என்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். ஜனங்களுக்கு நல்லது செய்கிறவர்கள் அதிகமாகத் தூங்கத்தானே விடுவார்கள்? குறித்த நாளில், படுக்கும் முன் எங்கள் அலாரம் கடிகாரத்தின் முள்ளை இருபது நிமிஷம் பின்னுக்குத் திருகி வைத்தேன். என் வாழ்நாளில் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி அது ஒன்றுதான்.

காலையில் வழக்கம் போல எல்லாம் நடந்தது. மாடுகள் மட்டும் கொஞ்சம் சலித்துக்கொண்டு நின்றன. மெஸ்ஸுக்குப் போனால், எங்கள் கடிகாரப்படி ஆறு, மெஸ் கடிகாரத்தில் ஆறு நாற்பது. ஊரெல்லாம் முள்ளை முன்னுக்குத் திருகியிருக்கிறது. இருபத்திரண்டு பேரும் பாலில்லாத கோப்பியைக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பரமசிவம் தம்பி அலமாரியிலிருந்து அந்த டின்னை எடுத்துத் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சர்க்கார் இருபது நிமிஷம் முன்னாலே போச்சு, நீங்க இருபது நிமிஷம் பின்னாலே போயிட்டீங்க, நடுவிலே பட்டினி கிடக்கிறது நாங்கதான் லா அக்கா!"

எக்கிக்கொண்ட செவலை

அன்று பகல் முழுக்க நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. மெஸ் போய்விடும், செவலை போய்விடும், வியாபாரி கயிற்றோடு வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் பொறுமைசாலி. ஆனால் அவரும் கடைசியில் பொறுமை இழந்தார். "இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா கடிகாரம் எப்படிச் சரியா இருக்கும்? நாளைக்குக் காலையிலே ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் முள் சரியாக இருந்தது, நாங்களும் சரியாக எழுந்தோம். அதாவது மாடுகளின் கணக்கில் இருபது நிமிஷம் முந்தி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் ஓசைகூடக் கேட்காமல் நடந்தேன். மற்ற ஐந்தும் படுத்த இடத்தைவிட்டு எழவே மனமில்லாமல் எழுந்து, ஏதோ கொஞ்சம் கொடுத்தன. செவலை ஒரு சொட்டு விடவில்லை. பாலை அப்படியே மேலே எக்கிக்கொண்டாள். வெந்நீரில் துணி நனைத்து மடியைத் துடைத்தோம். புண்ணாக்கை முன்னால் வைத்தோம். கன்றை அவிழ்த்து விட்டால், அது மடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. நேரமோ ஓடுகிறது. குறையும் பாலைத் தண்ணீரால் நிரப்பிவிடலாமா என்று ஒரு கணம் என் கை குடத்துப் பக்கம் போனது உண்மை. போன கையை நானே தட்டிவிட்டேன். பாதிப் பாலோடு சரியாக ஆறு மணிக்கு மெஸ்ஸில் நின்றேன். பரமசிவம் தம்பி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். டின் திறக்கிற கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நேத்துப் பால் இருந்துச்சு, நேரம் இல்லே. இன்னிக்கு நேரம் இருக்கு, பால் இல்லே. நாளைக்கு மட்டும் பாக்கிறேன் அக்கா, ரெண்டையும் ஒண்ணாக் கொண்டாங்க."

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் காலை. தெருவிளக்கு எரிகிறது, கொட்டகையில் லாந்தர். வீட்டுக்காரர் மற்ற ஐந்தையும் கறந்து முடித்துச் செவலைக்குக் கீழே உட்கார்ந்தார். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அவர் விரல்கள் காம்பை நீவுகின்றன. வாளியில் ஒரு சத்தமும் இல்லை. செவலை ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பது போலக் காதைத் திருப்பித் திருப்பி வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் மெஸ்ஸுக்கு நடக்க நேரம் போதாது. அந்த வியாபாரியின் கயிறு அவள் கழுத்தில் விழுவது என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

என்னால் முடியவில்லை. முந்தானையைப் பிடுங்கி எறிந்தேன். "ஐயோ, மணி ஆச்சே, விடிஞ்சிடுமே, இன்னும் வாளி நிறையலையே, அந்தத் தம்பி என்ன சொல்லுமோ, மழை வேற வரும் போல இருக்கே, வாளிக்கு மூடி எங்கே போச்சோ" என்று தொடங்கிவிட்டேன். வழக்கமாகத் தினமும் ஐந்து மணிக்கு நான் சொல்வதுதான், புதிதாக ஒன்றுமில்லை. மூடியைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே செவலை கழுத்தைத் தாழ்த்தி ஒரு பெருமூச்சு விட்டாள். மடி கனத்து இறங்கியது. சர் சர் என்று பால் வாளியில் விழத் தொடங்கியது. நான் வாயை மூடினேன். பால் நூல் போல இளைத்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடி சர் சர். வீட்டுக்காரர் கறப்பதை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிறைந்த வாளி மெஸ் அடுப்படியில் இருந்தது. பரமசிவம் தம்பி கத்தியை அலமாரியில் போட்டுவிட்டு டின்னைத் தூக்கிச் சுந்தரத்திடம் கொடுத்து, ஊரிலிருக்கும் அவர் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார். நான் வீடு திரும்பியபோது வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் பீடியைப் பற்றவைக்காமலே கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா வாளிச் சத்தத்துக்குத்தான் அவ பால் விடுறான்னு நினைச்சேன், உன் புலம்பலுக்குத்தான் விட்டிருக்கா. நாளையிலேருந்து நீ பேசாம இருந்தா அப்புறம் நான் பேச வேண்டியிருக்கும்!"

சர்க்கார் மணியை இனி எந்த நாளில் எந்தப் பக்கம் திருகினாலும் செவலைக்குத் தெரியாமல் போகட்டும் என்று, கண் விழித்த நிமிஷத்திலிருந்து கடைசி மாட்டைக் கறந்து முடிக்கும் வரையில் நான் ஓயாமல் புலம்பிக்கொண்டே இருக்கிறேன், வாய் வலிக்கிறதே என்பதையும் சேர்த்து.